அல்சேஷன் வாங்கும் முன்: குமரி வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, அல்சேஷன் என்றும் அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு நாயைப் பற்றியே கேட்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். அது ஓநாயோடு கலந்து உண்டாக்கிய இனம், என்றைக்கிருந்தாலும் வீட்டாரையே கடிக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி பயமுறுத்துகிறார். அதன் பூர்வீகம் என்ன என்று விளக்குவீர்களா, ஐயா?
– பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

எல்லா நாய்களுக்கும் தொன்மையான ஓநாய் இனமே மூதாதை. அந்த வகையில் உங்கள் தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு ஓநாயோடு எவ்வளவு உறவோ அவ்வளவுதான் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் உண்டு. நிமிர்ந்த காது, நீண்ட முகம், சாம்பல் கலந்த நிறம் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் தாமாகவே அப்படி எண்ணிக்கொள்கிறார்கள். அந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிடலாம்.

இது ஆடு மேய்த்த நாய். நாஞ்சில் நாட்டில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறவர்கள், இரவுக் காவலுக்கென நாய் வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் மேய்ப்பர்களுக்கு இருந்த தேவை வேறு. அங்கே ஆடுகள் மேயும் புல்தரைக்கும் பயிர் நிற்கும் நிலத்துக்கும் நடுவே வேலி இருப்பதில்லை. பல இடங்களில் ஓர் உழவுசால்தான் எல்லை. நூற்றுக்கணக்கான ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, நாய் அந்தச் சாலின் நெடுகிலும் ஓட்டமும் நடையுமாக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். ஓர் ஆடு பயிருக்குள் தலையை நீட்டினால் அதை மட்டும் விரைந்து சென்று தடுக்கும். அடங்காத ஆட்டை வாயால் பற்றினாலும் காயம் படாமல் உடனே விட்டுவிட்டு மறுபடியும் எல்லைக்குத் திரும்பிவிடும். மேய்ப்பர் தொலைவில் நின்றாலும் எதைத் தடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை நாயே முடிவு செய்தாக வேண்டும். களைக்காத கால், சொன்னதைக் கேட்கும் குணம், சொல்லாததையும் அறிந்து நடக்கும் புத்தி ஆகிய மூன்றும் இல்லாத நாயால் அந்த வேலையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அக்காலத்தில் அவை ஒரே இனமாக இருக்கவில்லை. வட்டாரத்துக்கு ஒரு சாயல் இருந்தது. துரிங்கியா பகுதி நாய்கள் சற்றுச் சிறியவை, நிமிர்ந்த காதும் சாம்பல் நிறமும் கொண்டவை. வூர்ட்டம்பெர்க் பகுதி நாய்கள் எலும்புக் கனமும் நல்ல நடையும் உடையவை. இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் இனமாக்கும் நோக்கத்துடன் 1891இல் ஃபைலாக்ஸ் என்றொரு சங்கம் தொடங்கப்பட்டது. அழகு பெரிதா, உழைப்பு பெரிதா என்ற சச்சரவு அதற்குள் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே சங்கம் கலைந்துபோனது. அந்தக் கேள்விக்கு உழைப்பே பெரிது என்று உறுதியாக விடை சொன்னவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. 1899 ஏப்ரல் 3 அன்று கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன் என்ற நாயைக் கண்ட அவர், தாம் நெடுநாளாகத் தேடிய நாய் அதுவே என்று தெளிந்து விலைக்கு வாங்கி, அதற்கு ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயர் மாற்றினார். அதே மாதம் 22ஆம் தேதி, ஆர்தர் மெயர் என்ற நண்பருடன் சேர்ந்து ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண் பெற்ற நாய் ஹோராண்ட். இன்று உலகெங்கும் உள்ள ஜெர்மன் ஷெப்பர்டுகளின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிச் சென்றால் அந்த ஒரு நாயில்தான் போய் நிற்க வேண்டும்.

அது இந்த இனத்தின் பெருமையாகவும் குறையாகவும் அமைந்தது. ஹோராண்டையும் அதன் மகனான ஹெக்டர் ஃபான் ஷ்வாபனையும் நெருங்கிய உறவுள்ள பெட்டைகளோடு திரும்பத் திரும்ப இணைசேர்த்தே இனத்தின் சாயல் நிலைநிறுத்தப்பட்டது. உருவம் ஒன்றுபட்டபோது குறைகளும் கூடவே ஊன்றின. பின்னாளில் நாய்கள் அளவுக்கு மீறி உயர்ந்தும் குணத்தில் தளர்ந்தும் வருவதைக் கண்ட ஸ்டெஃபானிட்ஸ், 1925இல் க்ளோடோ ஃபான் பாக்ஸ்பெர்க் என்ற, உயரம் குறைந்த, சற்று நீண்ட உடலுடைய நாயைச் சங்கக் கண்காட்சியின் முதலிடத்துக்குத் தேர்ந்தெடுத்து இனத்தின் போக்கையே திருப்பினார். தம் கையால் வளர்ந்த இனத்தின் தவறான போக்கைத் தாமே தடுக்க முன்வந்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் மகனுக்கு நாய் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் நாள்தோறும் அதனுடன் ஒரு மணி நேரமாவது செலவிடுவதற்கு வீட்டில் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வேலையோ பழக்கமோ இல்லாமல் நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு, எரிச்சலும் பயமும் கொண்ட நாயாக மாறும். அண்ணாச்சி சொல்லும் கடி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: எங்கள் காலத்தில் அல்சேஷன் என்றுதான் சொல்லுவோம். இப்போது ஜெர்மன் ஷெப்பர்டு என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நாய்களா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தக்கலை

இரண்டும் ஒன்றே. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஜெர்மனி என்ற சொல்லுக்கே வெறுப்பு இருந்ததால், பிரெஞ்சு–ஜெர்மன் எல்லையிலுள்ள அல்சேஸ் பகுதியின் பெயரை நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்த நாட்டின் கென்னல் கிளப் இந்த நாய்க்குச் சூட்டியது. ஆங்கிலேயர் வழியாக அந்தப் பெயர் நம் ஊருக்கும் வந்து நிலைத்தது. பிரிட்டனிலேயே 1977இல் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: நல்ல ஜெர்மன் ஷெப்பர்டு எப்படி இருக்க வேண்டும்? முதுகு பின்பக்கம் சரிந்து இறங்கினால்தான் உயர்ந்த சாதி என்றும் அதற்கு விலை கூடுதல் என்றும் விற்பவர் கூறுகிறார்.
– வாசகர், நாகர்கோவில்

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஆண் நாய் தோள்பட்டையில் 60 முதல் 65 செ.மீ. உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும், பெட்டை 55 முதல் 60 செ.மீ. உயரமும் 22 முதல் 32 கிலோ எடையும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு இன வரையறை. 50 கிலோ எடையுள்ள நாயைக் காட்டி இதுதான் அசல் என்று யாரேனும் சொன்னால், அது இந்த இனத்தின் பெருமைக்குரிய அளவு ஆகாது. அந்தப் பளு முழுவதையும் மூட்டுகளே தாங்க வேண்டியிருக்கும். உடல், உயரத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும். காது நுனி கூர்ந்து நேரே முன்னோக்கி நிமிர்ந்திருக்கும், மூக்கு கறுப்பு, 42 பற்களும் கத்தரிபோல் மேலும் கீழும் பொருந்தும், வால் அடர்ந்த மயிருடன் பின்னங்கால் முட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தொங்கும். கறுப்பு முதுகும் செம்பழுப்புக் கால்களும் கொண்ட நிறமே நமக்குப் பழக்கமானது என்றாலும், முழுக் கறுப்பும் கருநிழல் படிந்த சாம்பலும் அசல் நிறங்களே. வெள்ளை நிறத்தை வரையறை ஏற்பதில்லை.

முதுகைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். இந்த நாயின் முதுகு உறுதியாக இருக்க வேண்டும். தோளிலிருந்து இடுப்பை நோக்கி மெல்லிய சரிவு இருக்கலாம், அவ்வளவே. கண்காட்சி மேடையில் ஒரு பின்னங்காலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் வழக்கத்தால் சரிவு மிகுதியாகத் தெரிகிறது. பின்னர் அந்தத் தோற்றத்துக்காகவே நாய்களைத் தேர்ந்து இணைசேர்த்தவர்களால், பின்னங்கால் மடங்கித் தவளைபோல் நடக்கும் நாய்களும் உருவாகிவிட்டன. என்னிடம் இடுப்பு மூட்டுத் தளர்ச்சியோடு கொண்டுவரப்படும் ஜெர்மன் ஷெப்பர்டுகளைக் காணும்போதெல்லாம், படத்தில் அழகாகத் தெரிவதற்காக ஒரு நாயின் நடையைப் பறித்தது எவ்வளவு பெரிய அநீதி என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

வாங்குவதற்கு முன் குட்டியின் தாயையும் முடிந்தால் தந்தையையும் நடக்கவிட்டுப் பாருங்கள். நாயை ஒருவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு உங்களை விட்டு விலகி நேராக ஓட்டமும் நடையுமாகச் செல்லட்டும். பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல், குதிங்கால் உள்நோக்கி வளையாமல், ஒரே சீராகத் தரையை உந்தித் தள்ள வேண்டும். முதுகு மேலும் கீழும் ஆடக் கூடாது. முன்கால் வெகு தொலைவுக்கு நீள, பாதம் தரையை ஒட்டியே செல்லும். குறைந்த உழைப்பில் நெடுந்தூரம் போவதற்கென்றே அமைந்த நடை அது. ஸ்டெஃபானிட்ஸ் நிறுவிய சங்கத்தில் இனப்பெருக்கத் தகுதி மதிப்பீட்டுக்கு வரும் நாய்க்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, வேலைத் தேர்வு ஆகியவற்றோடு, சைக்கிளுக்குப் பக்கத்தில் 20 கி.மீ. ஓடிக் காட்டும் தேர்வும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய அவ்வளவு தொலைவு. முதுகு சரிந்து பின்கால் மடங்கிய நாயால் அந்த ஓட்டத்தை முடிக்க இயலுமா என்று விற்பவரையே கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: காவல் துறையைத் தவிர இந்த நாய் வேறு எதற்குப் பயன்படுகிறது? இப்போது மோப்ப நாய்ப் பிரிவில் வேறு இனங்களையும் பார்க்கிறேனே?
– கல்லூரி மாணவர், குளச்சல்

ஆட்டு மந்தைகள் குறைந்து தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், இந்த நாய்க்குப் புதிய வேலை கிடைக்காவிட்டால் இனமே சோம்பிப்போகும் என்று ஸ்டெஃபானிட்ஸ் முன்கூட்டியே கணித்தார். ஆகவே தடம் பற்றிச் செல்லுதல், கட்டளைக்குப் பணிதல், காவல் ஆகிய மூன்றிலும் நாய்களைச் சோதிக்கும் தேர்வுகளைச் சங்கம் வளர்த்தெடுத்தது. காவல் துறைக்கும் படைக்கும் நாய்களைப் பரிந்துரைத்தது. முதல் உலகப் போரில் செய்தி கொண்டு செல்லவும் காயம்பட்டுக் கிடப்பவர்களைத் தேடவும் ஜெர்மானியப் படை இவற்றைப் பெருமளவில் பயன்படுத்தியது.

அந்தப் போரிலிருந்தே, எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடும் பிறந்தது. பார்வையிழந்து திரும்பிய வீரர்களுக்காக கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் வழிகாட்டி நாயோடு முதன்முதலாக நடமாடத் தொடங்கியவர்களில் பெயர்பெற்ற மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞருக்கு 1928இல் சுவிட்சர்லாந்தில் கிடைத்த துணை, 'படி' (Buddy) என்னும் பெட்டை ஜெர்மன் ஷெப்பர்டு. வழிகாட்டி நாய் கட்டளைக்குப் பணிவதோடு நின்றுவிடக் கூடாது. எதிரே வண்டி வரும்போது எசமானர் 'போ' என்றாலும் போக மறுக்க வேண்டும். உழவுசாலின் ஓரத்தில் தானே முடிவெடுத்துப் பழகிய பரம்பரைக்கு அந்த மறுப்பு எளிதில் கைவந்தது.

நம் நாட்டில் மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் மையத்திலும், குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் நாய்ப் பயிற்சி மையத்திலும் ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். நீங்கள் கவனித்தது சரிதான்: வெடிபொருள் தேடும் பணியில், கூட்டத்துக்கு நடுவே சாந்தமாக இருக்கும் லாப்ரடாரும், காட்டுப் பகுதித் தேடுதலில், எடை குறைந்து வெப்பத்தையும் ஓரளவு தாங்கும் பெல்ஜியன் மாலினாயும் இப்போது அதிகம். மத்திய ரிசர்வ் காவல் படை நக்சல் பகுதிகளில் மாலினாயைப் பயன்படுத்துகிறது.

மோப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் நடக்கும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மிதிபட்ட புல்லும் கிளறப்பட்ட மண்ணும் தமக்கென ஒரு வாடையை வெளியிடுகின்றன. நாய் தடம் பிடிப்பது இவற்றைக் கொண்டே. காலையின் ஈர மண்ணில் வாடை தங்கும். உச்சி வெயிலில் விரைவில் கலைந்துபோகும். நம் ஊரில் ஒரு வீட்டில் களவு போனால் தெருவே திரண்டு உள்ளே வந்துவிடுகிறது. பீரோவைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை. அதன்பின் வந்து சேரும் நாய், பேருந்து நிறுத்தம் வரை ஓடிப்போய் நின்றுவிட்டது என்று குறை கூறுவதில் பொருளில்லை. காவலர் வரும்வரை யாரையும் உள்ளே விடாமல் இருப்பதே அந்த நாய்க்கு நாம் செய்யும் பேருதவி.

கேள்வி: மூன்று ஏக்கர் ரப்பர் விளைக்கு நடுவே எங்கள் வீடு. காவலுக்காக ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கிறோம். மழைக்காலத்தில் தோலில் புண்ணும் உண்ணியும் தீரவே மாட்டேன் என்கின்றன. மயிரை மழித்துவிடலாமா? வீட்டில் மரச்சீனியும் மீனும்தான் கொடுக்கிறோம்.
– வாசகி, குலசேகரம்

மழிக்க வேண்டாம், அம்மா. இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சுபோன்ற மயிர். மேல்மயிர் வெயிலையும் மழையையும் தடுக்கிறது. மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் காயும், மயிரும் பழையபடி சீராக வளராமல் போகக்கூடும். தொல்லைக்குக் காரணம், அடிமயிர் நனைந்து உலராமல் இருப்பதே. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால், மற்ற மாவட்டத்து நாய்களுக்குக் கிடைக்கும் உலர்ந்த இடைவெளி உங்கள் நாய்க்குக் கிடைப்பதில்லை. நனைந்து வந்தால் துணியால் துடைத்து, விரல்களால் மயிரை எதிர்ப்பக்கமாகப் பிரித்து, தோல் தெரியும்வரை விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். நாளும் ஒரு முறை கம்பிச் சீப்பால் வாரி, உதிர்ந்த அடிமயிரை எடுத்துவிடுங்கள். படுக்கும் இடம் தரையிலிருந்து உயர்ந்த பலகையாக இருக்கட்டும்.

உண்ணியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். காதின் உட்புறம், கால் விரல்களின் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று தினமும் தடவிப் பார்க்க வேண்டும். அது பரப்பும் காய்ச்சலில் நாய் முதலில் உணவைக் குறைக்கும், பிறகு சோர்ந்து படுக்கும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து குணப்படுத்தக்கூடிய நோய்தான் அது. உண்ணிக்கென்று மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் ஊசி வாங்கி நீங்களாகப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுகள் சிலவற்றில் அந்த மருந்து மூளைக்குள் செல்வதைத் தடுக்கும் மரபணுக் காப்பு குறைவு. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. அதே பயனுள்ள, பாதுகாப்பான மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன.

ஓடையும் வயலும் அருகில் இருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தவறக் கூடாது. அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டச் செல்பவர்கள் ஈர மண்ணில் நடப்பவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவது பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உணவில் மரச்சீனியை முழுதாக நிறுத்தத் தேவையில்லை. நன்றாக வேகவைத்து நீரை வடித்துக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பச்சையாக ஒருபோதும் கூடாது. சாளை நல்ல உணவு, வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். மீன்குழம்பில் உள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடியது என்பதால் குழம்பை ஊற்றிப் பிசைய வேண்டாம். முட்டையோ கோழியோ சேர்ந்தால் புரதம் நிறைவாகும். நாள் உணவை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்து, சாப்பிட்ட ஒரு மணி நேரம்வரை ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அகன்ற இந்த இனத்துக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு முரசுபோல் புடைத்து, வாந்தி வராமல் வெறுமனே குமட்டிக்கொண்டிருந்தால் நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஐந்து மாதக் குட்டிக்கு ஒரு காது நிமிர்ந்துவிட்டது, மற்றது மடிந்தே கிடக்கிறது. கால்சியம் டானிக் இரண்டு மடங்கு கொடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், கருங்கல்

கொடுக்காதீர்கள். பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் காது ஏறி இறங்குவது இயல்பு. ஆறேழு மாதம்வரை பொறுத்திருக்கலாம். பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியம் எலும்பையும் மூட்டையும் கோணச் செய்யும். காதை மடக்கித் தடவி விளையாடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கேரளத்திலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து தரும் தரகர் ஒருவர், ஒரு மாதக் குட்டியையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். காகிதம் பிறகு தருவதாகக் கூறுகிறார். வாங்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

வாங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஒரு மாதக் குட்டி தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் கற்க வேண்டியவை பல இருக்கின்றன. கடியின் வலிமையைக் கட்டுப்படுத்தக் கற்பது அவற்றுள் முதன்மையானது. அதைக் கற்காத குட்டி, வளர்ந்தபின் குழந்தைகளோடு விளையாடும்போதும் அழுத்திக் கடிக்கும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று பரம்பரையைக் காட்டும், ஆரோக்கியத்தைக் காட்டாது. ஆகவே பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். இல்லை என்பவரிடம் விலை குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். வளர்ந்தபின் உங்கள் நாய்க்கே அந்தப் படம் எடுக்க வேண்டுமானால், ஒரு வயது நிறைந்ததும் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

காவல் ஒன்றே உங்கள் தேவை, நாயோடு செலவிட நேரம் இல்லை என்றால், ஜெர்மன் ஷெப்பர்டைத் தேடவே வேண்டாம் என்பது என் கருத்து. தேனிப் பக்கத்துக் கோம்பை நம் வெயிலில் பிறந்தது, குட்டை மயிர் உடையது, அந்நியரைத் தொலைவிலேயே கண்டுகொள்வது. வீட்டைச் சுற்றிய விளைக்கு அது போதும். அதுவும் சங்கிலியிலேயே கிடக்க விரும்பாது. இரண்டில் எதை எடுத்தாலும், மதில் கட்டிய முற்றத்தில் இரவில் அவிழ்த்துவிட வசதி உண்டா என்பதைக் குட்டி வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.